வாட்டம் இல்லாத நடைபாதை

மேஸ்திரி அந்த நிறுவனத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே விழப் பார்த்தார். அண்ணாந்து பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே கேட்டைத் தாண்டியதுதான் தப்பு. 'நடைபாதை ஆய்வு நிறுவனம்' என்று பித்தளை எழுத்துகள் பளபளத்தன. கீழே காங்கிரீட்டும் அதற்குச் சளைக்காமல் பளபளத்தது. முந்தின நாள் மழை அதன்மேல் மெல்லிசாக நின்றுகொண்டிருந்தது. இடது கால் அவரிடம் கேட்காமலே முன்னால் கிளம்பியது. பின்னால் கலவைச் சட்டியோடு வந்த மச்சான் எட்டிச் சட்டைக் காலரைப் பிடித்திராவிட்டால், வேலை எடுத்த அன்றே இடுப்பில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்திருப்பார்.

"மாமா, இவங்க நடக்கிறதை ஆராயுறாங்களா, விழுறதை ஆராயுறாங்களா?" என்றான் மச்சான்.

மச்சான் என்றால் மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி. பதினைந்து வருஷமாக அவரோடு கலவை போடுகிறவன். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

கேட்டிலிருந்து முகப்புக் கதவு வரை நாற்பதடி நீளம், ஐந்தடி அகலத்துக்கு அந்தக் காங்கிரீட் கிடந்தது. போட்டவர் யாரோ, இரும்புக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டுப் போயிருந்தார். அங்கே வேலை பார்க்கும் எண்பது பேரும் மழைக்காலத்தில் அந்தப் பக்கமே வருவதில்லை. சைக்கிள் நிறுத்துமிடம் வழியாகச் சுற்றி, சேற்றை மிதித்து, பின்பக்கக் கதவால் உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். முப்பத்திரண்டு வருஷமாக இதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. இப்போது ஆண்டு விழா வருகிறது. வெளியிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களைச் சைக்கிள்களுக்கு நடுவே வரிசையாக அழைத்துப் போனால் நன்றாக இருக்காது என்று யாருக்கோ பட்டது. ஆகவே காங்கிரீட்டின்மேல் இயற்கைக் கல் பதிக்க மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து, சுத்தியல் காம்பால் காங்கிரீட்டைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். எங்கேயும் பொள்ளல் சத்தம் இல்லை. வெடிப்பும் இல்லை. மேலே கொத்தி விட்டால் கலவை பிடித்துக்கொள்ளும். பத்து நாள் வேலை. தேவையானதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் செயலரிடம் கொடுத்தார்.

செயலர் ஒல்லியான மனிதர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. தாளை வாங்கி, படிக்காமல், அதன் எடையைப் பார்ப்பதுபோல் கையில் வைத்திருந்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் பதில் வந்தது. கொத்துவதற்கான அவசியம் பற்றித் தனிக் குறிப்பு வேண்டும். மணலுக்கு அனுமதி உண்டு. பட்டியலில் நான்காவதாக உள்ள 'சிமெண்ட் பால், ஒரு வாளி' என்ற கோரிக்கை சிற்றுண்டிக் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. சிற்றுண்டிக் குழு, சர்க்கரை சேர்த்தா சேர்க்காமலா என்று தெளிவுபடுத்தச் சொல்லியிருந்தது.

மேஸ்திரி செயலரின் அறைக்குப் போய் விளக்கினார். "அது குடிக்கிற பால் இல்லைங்க. சிமெண்டைத் தண்ணியில கரைச்சு, கல் வைக்கிறதுக்கு முன்னாடி தரையில பூசுவோம். அப்பதான் கலவை ஒட்டும்."

"அப்ப அதுக்குப் பால்னு பேர் வெச்சது யாரு?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தாங்க சொல்றோம்."

"உங்கப்பாவுக்குப் பேர் வைக்கிற அதிகாரம் இருந்துதா?"

மேஸ்திரி யோசித்துப் பார்த்தார். அப்பா அவருக்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஆனால் அதை இங்கே சொன்னால் அதற்கும் ஒரு குறிப்புக் கேட்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டார்.

எப்படியோ ஐந்தாம் நாள் கொத்தும் வேலை முடிந்தது. கற்களும் வந்து இறங்கின. இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள். சாம்பலும் பழுப்புமாக, மேலே சொரசொரப்பாக, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல். மேஸ்திரிக்குப் பார்த்ததுமே கை பரபரத்தது. கலவை இல்லாமல் வெறுமனே தரையில் பரப்பி, எதன் வளைவுக்கு எது பொருந்துகிறது என்று திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே அவருக்குப் பிடித்த கட்டம். மதியம் வரை அப்படிப் பரப்பிக்கொண்டிருந்தார். அப்போது செயலர் ஏழாம் எண் படிவத்தோடு வந்தார்.

படிவத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் நீளம், அகலம், வடிவம் எழுத வேண்டும். வடிவத்துக்கு நான்கு கட்டங்கள்: சதுரம், செவ்வகம், வட்டம், ஒழுங்கற்றது. செயலர் ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்து, இருநூற்றுப் பன்னிரண்டு தடவையும் நான்காவது கட்டத்தில் குறி போட்டார். முடிக்கும்போது அவர் முகம் கறுத்திருந்தது.

"ஒண்ணு கூடவா ஒழுங்கா இல்ல?"

"இயற்கைக் கல்லுங்க. அப்படித்தான் இருக்கும். அதுதாங்க அழகு."

செயலர் 'அழகு' என்ற சொல்லுக்குப் படிவத்தில் இடம் தேடினார். இல்லை.

ஏழாம் எண் படிவம் யாருக்கெல்லாம் போகும் என்று மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்? 'ஒழுங்கற்ற' என்ற சொல் எந்தத் தாளில் வந்தாலும் அதன் நகல் ஒன்று தானாகவே ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குப் போய்விடும் என்பது அங்கே பழைய ஏற்பாடு. மறுநாள் காலை, பருத்த ஒரு பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒழுங்கு அதிகாரி வந்து, கற்களுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போடச் சொன்னார்.

"இவங்க சார்பா யார் பேசுறீங்க?"

மச்சான் மேஸ்திரியை முன்னால் தள்ளிவிட்டான்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க?"

"மலையிலங்க."

"அங்கயும் இப்படித்தானா?"

"அங்க எல்லாம் ஒண்ணா இருந்துதுங்க. உடைச்சப்புறம்தான் இப்படி."

"ம்." அதிகாரி எழுதிக்கொண்டார். "ஒத்துமையா இருந்த இடத்துலேர்ந்து பிரிச்சதனால நடத்தை மாறிடுச்சு. இது பொதுவா நடக்கிறதுதான். யாராவது தூண்டிவிட்டாங்களா?"

"சம்மட்டிங்க," என்றான் மச்சான் பின்னாலிருந்து.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இருபத்தாறு வருஷ அனுபவத்தில், விசாரணையின்போது இவ்வளவு அடக்கமாக நடந்துகொண்ட தரப்பைத் தான் பார்த்ததில்லை என்று போகும்போது சொல்லிவிட்டே போனார். முதல் தவறு என்பதால் எச்சரிக்கையோடு விடப்படுவதாக உத்தரவு வந்தது. உத்தரவு சம்பந்தப்பட்டவர்களுக்குத் தனித்தனியே கிடைத்தாக வேண்டும் என்று விதி. ஆகவே இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள் அச்சாகி, ஒவ்வொரு கல்லின் பின்பக்கத்திலும் பசை போட்டு ஒட்டப்பட்டன. முன்பக்கம் ஒட்டினால் விருந்தாளிகள் படித்துவிடுவார்களாம்.

காகிதத்தின்மேல் கலவை ஒட்டாது. மேஸ்திரியும் மச்சானும் குழாயடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக உத்தரவைச் சுரண்டிக் கழுவினார்கள். பசை நல்ல பசை. பத்தாவது கல்லிலேயே மச்சானுக்கு நகம் பெயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு நரைத்தலைப் பெண்மணி தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவர். எப்போது பார்த்தாலும் கையில் வாளி இருப்பதால் எல்லோருக்கும் அவர் வாளியக்கா.

வாளியக்கா இடது கையால்தான் தேய்த்தார். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது.

"என்னக்கா, கையில?"

"போன மழைக்கு இங்கதான் விழுந்தேன், தம்பி. இந்தக் காங்கிரீட்லதான். ரெண்டு கையிலயும் வாளி. எதைப் பிடிக்கிறது?"

"மத்தவங்க மாதிரி நீங்களும் சுத்திப் போகக் கூடாதா?"

"தண்ணிக் குழாய் கேட் பக்கத்துல இருக்கு. துடைக்க வேண்டியது உள்ள இருக்கு. ஒரு நாளைக்கு இருபது நடை. ரெண்டு வாளியைத் தூக்கிட்டு அந்தச் சேத்துல சுத்தினா சாயங்காலம் முதுகு இருக்காது." ஒரு கல்லைக் கழுவி முடித்துச் சாய்த்து வைத்தார். "நான் விழுந்ததை அவங்க அறிக்கையில எழுதியிருக்காங்க. ஒரு படம்கூடப் போட்டிருக்காங்க. விழுந்த ஆள் பேர் இல்ல, ஆனா விழுந்த கோணம் எத்தனை டிகிரின்னு சரியாப் போட்டிருக்காங்களாம்."

மேஸ்திரி கையிலிருந்த கல்லைத் திருப்பி, அதன் மேல்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நல்ல பிடிப்புள்ள கல். அதுவரை அவருக்கு அது ஆண்டு விழா வேலையாக இருந்தது. அன்றிலிருந்து வாளியக்காவின் வேலையாகிவிட்டது.

கல் வைக்கத் தொடங்கிய நாளில் ஒரு புதுத் தடங்கல். ஒவ்வொரு கல்லையும் பதிக்கும் முன் குழு பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மேஸ்திரி எட்டரை மணிக்குக் கலவை போட்டுத் தயாராக இருந்தார். குழு பதினொன்றரைக்குக் கூடியது. அதற்குள் கலவை சட்டியிலேயே இறுகி, கவிழ்த்தால் சட்டி வடிவத்தில் முழுசாக வந்து விழுந்தது.

"இதை ஏன் காத்திருக்க வைக்கல?" என்று செயலர் கேட்டார்.

"சொன்னா கேக்காதுங்க."

"நாங்க வர்றோம்னு தெரியும்ல?"

"எனக்குத் தெரியுங்க. அதுக்குத் தெரியாது."

இரண்டாவது நாளும் அப்படியே ஆனது. மூன்றாவது நாள், கையெழுத்தில்லாமல் கல் பதிக்கக் கூடாது என்று விதி இருந்தாலும், தற்காலிகமாக வைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை எனச் செயலரே கண்டுபிடித்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் போன்ற ஒன்று வந்துபோனது. "தற்காலிகமா வைங்க. நாங்க எப்ப முடியுமோ அப்ப வந்து பாக்குறோம்."

"சிமெண்ட்லயாங்க?"

"எதுல வேணும்னாலும். தற்காலிகமா இருந்தாச் சரி."

வேலை ஓடத் தொடங்கும் என்று நினைத்தபோதுதான் வாட்டப் பிரச்சினை வந்தது.

மழைத் தண்ணீர் நிற்காமல் ஓட நடைபாதைக்குச் சற்றுச் சாய்வு கொடுக்க வேண்டும். கட்டட வேலை செய்கிறவர்கள் அதை வாட்டம் என்பார்கள். பழைய காங்கிரீட் தட்டையாக இருந்ததால் மேஸ்திரி, 'நடைபாதைக்கு வாட்டம் தேவை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். அது நேராக இயக்குநரின் மேஜைக்கே போய்விட்டது. இயக்குநர் அந்த வரியைப் படித்து மனம் நொந்து போனாராம். மறுநாளே எல்லா அறைகளிலும் சுற்றறிக்கை ஒட்டினார்கள்: "ஆண்டு விழா நெருங்கும் இவ்வேளையில் நிறுவன வளாகத்தில் எவ்விடத்திலும் வாட்டம் காணப்படலாகாது. ஊழியர்கள் மலர்ந்த முகத்துடனும், நடைபாதை சீரான மட்டத்துடனும் இருத்தல் வேண்டும்."

மேஸ்திரி செயலரிடம் ஓடினார். "இது முகவாட்டம் இல்லைங்க, தரைவாட்டம். தண்ணி போறதுக்கு."

"எனக்குப் புரியுது, மேஸ்திரி. ஆனா சுற்றறிக்கை வந்துருச்சு. இயக்குநர் வாட்டம் கூடாதுன்னு எழுதின பிறகு, அது வேற வாட்டம்னு போய்ச் சொன்னா, அவருக்குத் தமிழ் தெரியலைன்னு ஆகிடும். அதைவிடத் தண்ணி நிக்கிறது மேல்."

அன்று சாயங்காலம் மேஸ்திரி வீட்டில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி சமையலறை மேடையைக் கழுவிக்கொண்டிருந்தார். மச்சான்தான் வாசற்படியில் உட்கார்ந்து, பால் விவகாரத்திலிருந்து எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்தான். நடுநடுவே இயக்குநர் மாதிரி நடந்தும் காட்டினான்.

"சும்மா இருடா," என்றார் அக்கா. பிறகு கணவனிடம் திரும்பினார். "இதுக்கா இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க? மட்டமா வெச்சுக் குடுத்துட்டு வர வேண்டியதுதானே. அவங்க வழுக்குறதுல உங்களுக்கு என்ன?"

"அவங்க யாரும் அதுல நடக்கப் போறதில்ல. மழை வந்தா சுத்திப் போயிடுவாங்க. அந்தம்மாதான் ரெண்டு வாளியோட வரணும்." மேஸ்திரி கையை விரித்தார். "மட்டமா வெச்சா தண்ணி நிக்கும். நின்னா பாசி பிடிக்கும். பாசி பிடிச்சா எந்தக் கல்லா இருந்தா என்ன?"

மனைவி மேடையில் நின்ற தண்ணீரை ஒரு கையால் வழித்து ஓரமாகத் தள்ளினார். "மட்டமா இருக்கான்னு எப்படிப் பாப்பாங்க?"

"ரசமட்டம் வெச்சுப் பாப்பாங்க. உள்ள இருக்கிற குமிழ் நடுவுல நின்னா மட்டம்."

"எந்தப் பக்கமா வெச்சு? நீளத்துலயா, அகலத்துலயா?"

மேஸ்திரி தலையைத் தூக்கினார். சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து, விளக்குக்குக் கீழே பிடித்துப் படித்தார். 'நடைபாதையின் நீளவாக்கு மட்டம்' என்று ஒரே ஒரு கட்டம். அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"உங்கக்காவை முன்னாடியே மேஸ்திரி ஆக்கியிருக்கணும்டா," என்றார்.

"அது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், மாமா," என்றான் மச்சான்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் பேயாய் உழைத்தார்கள். நூல் கட்டி, கொத்திய தரையை நனைத்து, சிமெண்ட் பால் பூசி, அதன்மேல் கலவையை இடப்பக்கம் இரண்டு அங்குலமும் வலப்பக்கம் ஒரு அங்குலமுமாக விரித்தார்கள். கல்லின் முதுகிலும் கொஞ்சம் கலவை தடவி உட்கார வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். சத்தம் கனமாக வந்தால் கல் உட்கார்ந்துவிட்டது. டொக் என்று வந்தால் அடியில் காற்று இருக்கிறது, எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். நீளவாக்கில் குமிழ் நடுவில் நின்றது. அகலவாக்கில் தண்ணீர் விட்டால், யாருக்கும் தெரியாமல் நழுவிப் பூச்செடிப் பக்கம் போனது. இருநூற்றுப் பன்னிரண்டு கற்களும் நான்கு நாளில் உட்கார்ந்தன. ஐந்தாம் நாள் இடுக்குகளை அடைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடினார்கள்.

சோதிக்க அளவைக்காரர் வந்தார். அவர் பதினோரு வருஷமாக அங்கே அளவுக் கருவிகளுக்குப் பொறுப்பாளர். அறையை விட்டு வெளியே வந்து எதையாவது அளக்கச் சொல்லி அவரை யாரும் கேட்டதே இல்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு பெரிய ரசமட்டத்தை எடுத்து, சாக்கை விலக்கி நீளவாக்கில் வைத்தார். குமிழ் நடுவில். படிவத்தில் 'மட்டம்' என்று எழுதினார். பிறகு, பழக்கதோஷமோ ஆசையோ, ரசமட்டத்தைக் குறுக்கே திருப்பி வைத்தார்.

குமிழ் ஓரத்துக்கு ஓடியது.

அளவைக்காரர் குமிழைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பூச்செடிகளைப் பார்த்தார். படிவத்தைப் புரட்டி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அஞ்சடிக்கு ஒரு அங்குலமா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க."

"சரியான கணக்கு." ரசமட்டத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "இதுக்கு இங்க கட்டம் இல்ல. இருந்திருந்தா எழுதியிருப்பேன்."

அதன்பின் கலவை இறுக மூன்று நாள் யாரும் நடக்கக் கூடாது என்று மேஸ்திரி குறுக்கே கயிறு கட்டினார். நிறுவனம் அந்த மூன்று நாளும், புதிய நடைபாதையின் பயன்பாட்டை அறிய ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தது. பயன்படுத்தியோர் எண்ணிக்கை: முதல் நாள் பூஜ்யம், இரண்டாம் நாள் பூஜ்யம், மூன்றாம் நாள் பூஜ்யம், ஒரு பூனை. மக்களிடையே நடைபாதைக்கு வரவேற்பில்லை என்று ஓர் இடைக்கால அறிக்கை தயாரானது.

ஆண்டு விழா நாள் வந்தது. கேட்டருகே பந்தல். முன்வரிசையில் விருந்தாளிகள். மேஸ்திரியும் மச்சானும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார்கள். வாளியக்கா தூணோரமாக, அன்றைக்கு மட்டும் வாளி இல்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

இயக்குநர் பேச எழுந்தார். உருண்டையான குரல்.

"பெரியோர்களே, இந்த நிறுவனம் முப்பத்திரண்டு ஆண்டுகளாக நல்ல நடைபாதை ஒன்று இல்லாமலே நடைபாதையை ஆராய்ந்து வந்திருக்கிறது. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் இதை நடுநிலை என்பேன். ஒரு நடைபாதையில் நடந்து பார்த்தவனுக்கு அதன்மேல் ஒரு அபிப்பிராயம் வந்துவிடுகிறது. அபிப்பிராயம் உள்ளவனால் ஆராய முடியாது. நம்முடைய நூற்றுப்பதினான்கு அறிக்கைகளில் ஒன்றுகூட எந்த நடைபாதையாலும் பாதிக்கப்பட்டதில்லை. அதேபோல, எந்த நடைபாதையும் நம் அறிக்கைகளால் பாதிக்கப்பட்டதில்லை என்பதையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓயும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. பந்தல் துணி படபடத்தது. எல்லோரும் நடைபாதையைப் பார்த்தார்கள். வேறு பார்க்க ஒன்றும் இல்லை. கல்லின்மேல் விழுந்த தண்ணீர் ஒரு கணம்கூட நிற்காமல், பக்கவாட்டில் வழிந்து பூச்செடிகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு கை அகலத் தேக்கம்கூட எங்கேயும் இல்லை.

இயக்குநர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "செயலரே, இந்த நடைபாதை மட்டமானதுதானே?"

"மட்டம்தான், ஐயா. படிவம் இருக்கு."

"மட்டமான தரையில் தண்ணீர் நிற்க வேண்டுமே. ஏன் ஓடுகிறது?"

செயலர் ஒழுங்கு அதிகாரியைப் பார்த்தார். ஒழுங்கு அதிகாரி அளவைக்காரரைப் பார்த்தார். அளவைக்காரர் மழையைப் பார்த்தார். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. செய்ததை ஒளித்துப் பழக்கமில்லாதவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, நான்தாங்க வாட்டம் குடுத்திருக்கேன்."

பந்தலில் ஒரு சலசலப்பு. இயக்குநர் கையை உயர்த்தினார். "இன்று வேண்டாம், மேஸ்திரி. யாருக்கு என்ன வாட்டம் கொடுத்திருந்தாலும் மன்னித்தோம். சுற்றறிக்கை அமலில் இருக்கிறது." பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். அவர் குரல் தழுதழுத்தது. "பெரியோர்களே, நீங்கள் சாட்சி. முற்றிலும் மட்டமான ஒரு நடைபாதையில், தண்ணீர் தானாகவே வெளியேறுகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் இந்த நிறுவனத்தின் முதல் கண்டுபிடிப்பு இது. இந்தக் கணம் முதல் இது நடைபாதை இல்லை. இது ஆய்வு மாதிரி. இதன்மேல் ஒரு கால்கூடப் படக் கூடாது."

விருந்தாளிகள் குடை பிடித்துக்கொண்டு, சைக்கிள்களுக்கு நடுவே வரிசையாக உள்ளே போனார்கள்.

மேஸ்திரி அன்று மனம் புழுங்கிக்கொண்டே வீடு திரும்பினார். உண்மையைச் சொல்லியும் கெட்டது, சொல்லாமலும் கெட்டது. மட்டமாகவே வைத்துத் தொலைத்திருந்தால் வழுக்கினாலும் நடக்கவாவது விட்டிருப்பார்கள். "அந்தம்மா முகத்துல எப்படிடா முழிப்பேன்?" என்றார். மச்சான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

ஒன்றரை மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி போகவே மனசில்லாமல் போனார். தூறிக்கொண்டிருந்தது. நடைபாதையின் இரண்டு பக்கமும் பித்தளைக் கம்பிகள் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கேட்டில் ஒரு காவலாளி. கயிற்றுக்கு இந்தப் பக்கமே செயலர் காத்திருந்தார். அவருக்கு முழங்கால் வரை சேறு.

"வாங்க, மேஸ்திரி. இன்னொரு நடைபாதை வேணும். இதுக்குப் பக்கத்துலயே."

"எதுக்குங்க?"

"நடக்கிறதுக்கு," என்றார் செயலர். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். "இதுல நடக்க யாருக்கும் அனுமதி இல்ல. இயக்குநருக்கே இல்ல. மாதிரியைத் தூசி படாம வெச்சுக்கணும்னு விதி. அதனால துப்புரவுப் பணியாளருக்கு மட்டும் எழுத்துல அனுமதி குடுத்திருக்கு. நாள் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும்."

மேஸ்திரி திரும்பினார். குழாயடியிலிருந்து வாளியக்கா இரண்டு கையிலும் வாளியோடு வந்துகொண்டிருந்தார். காவலாளி எழுந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். வாளியக்கா குனிந்து உள்ளே போய், ஈரக் கல்லின்மேல், சாதாரணமாக, சந்தைக்குப் போகிற மாதிரி நடந்தார். ஒரு தடவைகூடக் காலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் சேற்றில் ஆறேழு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சுற்றிப் போனார்கள். ஒழுங்கு அதிகாரி அவர்களில் ஒருவர். பதிவேட்டைத் தலைக்குமேல் பிடித்திருந்தார்.

நடுவழியில் வாளியக்கா மேஸ்திரியைப் பார்த்துவிட்டார். நின்று, வாளியைக் கீழே வைத்தார்.

"தம்பி, எப்ப வந்தீங்க? உள்ள வாங்க, டீ போட்டிருக்கேன்."

மேஸ்திரி முகம் மலர்ந்து ஒரு கால் எடுத்து வைத்தார். காவலாளி மரியாதையாக, ஆனால் உறுதியாகக் குறுக்கே வந்து நின்றான்.

"மன்னிக்கணும், மேஸ்திரி. உங்களுக்கு அனுமதி இல்ல."

"நான்தாம்ப்பா இதைப் போட்டேன்."

"அது தெரியும். போடுறதுக்குத்தான் உங்களுக்கு அனுமதி இருந்துது."

மேஸ்திரி அவனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிள்களுக்கு நடுவே சேற்றில் இறங்கினார். டீ ஆறிவிடப் போகிறதே என்று காலைக் கொஞ்சம் எட்டியே வைத்தார்.